தெற்கு திறந்த கொல்லை

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரையேறியபோது, எங்கள் கொல்லைக்கு வடக்கே இருந்த தோப்பில் 41 தென்னைகள் சாய்ந்தன. மன்னார்குடிக்குத் தெற்கே, முத்துப்பேட்டை சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். மின்சாரம் திரும்பி வர 3 வாரத்துக்கு மேல் ஆயிற்று. கார்த்திகை அமாவாசையை ஒட்டி, மழை விட்டிருந்த ஓர் இரவில், கொசுவுக்கு வேப்பிலைப் புகை போட்டுவிட்டு நானும் அத்தையும் கொல்லையில் உட்கார்ந்திருந்தோம். தென்னை இருந்த இடத்தில் வானம் இருந்தது. அதில் தாழ்வாக, தனியாக, ஒரு நட்சத்திரம். கையை நீட்டி முஷ்டியை அடிவானத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு முஷ்டி உயரம், அதாவது சுமார் 10 டிகிரி.

ஓர் ஊரில் துருவ நட்சத்திரம் தெரியும் உயரம்தான் அந்த ஊரின் அட்சரேகை என்று பல ஆண்டுகளாகப் பள்ளியில் சொல்லிக்கொடுத்தவள் நான். அதைக் கண்ணால் பார்த்தது அன்றுதான். தோப்பை இழந்த பக்கத்து வீட்டு மாமாவிடம் இதை இன்றுவரை சொன்னதில்லை.

அதே இரவில் உச்சிக்கு அருகே மிருகசீரிடக் கூட்டம் நின்றது. மேல்நாட்டார் அதை ஓரியன் என்ற வேட்டைக்காரனாகப் பார்க்கிறார்கள். அதன் வாளில் வெறும் கண்ணுக்கே ஒரு புகைத்திட்டு தெரிந்தது. ஓரியன் நெபுலாதான் என்று தெரியும். நெபுலா என்பது விண்வெளியில் பரவிக் கிடக்கும் வாயுவும் தூசியுமான மேகம். 1880இல் ஹென்றி டிரேப்பர் நியூயார்க் மாநிலத்தில் 51 நிமிடம் ஒளிப்படத் தட்டைத் திறந்து வைத்து அதைப் படமெடுத்தார். ஒரு நெபுலாவை எடுத்த முதல் புகைப்படம் அதுவே. என்னிடம் இருந்தது சிங்கப்பூரில் வேலை செய்யும் தம்பி விட்டுச் சென்ற பழைய டிஎஸ்எல்ஆர் கேமரா, ஒரு 50 மில்லிமீட்டர் லென்ஸ், கல்யாண வீடியோக்காரர் ஒருவர் கழித்துப்போட்ட முக்காலி. 500ஐ லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் எத்தனை விநாடி திறந்து வைக்கலாம் என்பது கிடைக்கும். சென்சார் சிறியது என்றால் இன்னும் 1.6ஆல் வகுக்க வேண்டும். எனக்குக் கிடைத்தது 6 விநாடி. அதற்கு மேல் போனால் பூமியின் சுழற்சியில் நட்சத்திரம் அரிசியாக நீளும். அந்த ஆறு விநாடியில் விழுந்த இளஞ்சிவப்புப் பொட்டைப் பார்த்துவிட்டு நான் அன்று தூங்கவில்லை.

பிறகு படிக்க ஆரம்பித்தேன். படிக்கக் கிடைத்ததெல்லாம் 40, 50 டிகிரி அட்சரேகையில் வாழ்கிறவர்கள் தங்கள் தோட்டத்துக்கு எழுதிக்கொண்டவை. துருவ நட்சத்திரத்தைக் கருவியின் சிறு தொலைநோக்கியில் பொருத்து என்பது முதல் பாடம். குளிர்காலத்தில் வானம் தெளிவாக இருக்கும் என்பது இரண்டாவது. மூன்றாவது, வடவானத்தில் இருக்கும் நெபுலாக்களின் பட்டியல். மூன்றுமே எங்கள் ஊரில் பலிக்கவில்லை. அது புரிய எனக்கு 3 ஆண்டுகள் ஆயின. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மங்கலான நெபுலா வேண்டுமென்றால் கேமராவை நட்சத்திரங்களோடு சேர்த்துத் திருப்பும் டிராக்கர் வேண்டும். 2020இல் சீட்டு எடுத்து ஒன்று வாங்கினேன். அதன் அச்சு வான துருவத்தை, அதாவது துருவ நட்சத்திரத்தை ஒட்டி வானம் சுற்றும் மையப் புள்ளியை, நோக்கி இருக்க வேண்டும். எங்களுக்குத் துருவம் 10 டிகிரிக்குச் சற்று மேலே, மன்னார்குடியின் வெளிச்சத்துக்குள்ளும் வயல்வெளிப் புகைமூட்டத்துக்குள்ளும் கிடக்கிறது. பாதி நாள் துருவ நட்சத்திரமே தெரியாது. அச்சு கிட்டத்தட்ட படுத்த நிலையில் இருப்பதால் கேமராவின் எடையைச் சமன்செய்யும் எடைக்கல் தண்டு சுற்றி வரும்போது முக்காலியின் காலில் இடிக்கும். ஒரு முறை இடித்து, டிராக்கர் நின்று, அது தெரியாமல் நான் 2 மணி நேரம் கோடுகளைப் படமெடுத்தேன். முக்காலியை எந்தப் பக்கம் திருப்பினால் இடிக்காது என்பதைப் பகலிலேயே முழுச் சுற்று சுற்றிப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

துருவ நட்சத்திரம் தெரியாதவர்களுக்கு ஒரு பழைய வழி உண்டு. நட்சத்திரம் எந்தப் பக்கம் நழுவுகிறது என்று பார்த்து அச்சைத் திருத்துவது. வடக்கிலிருந்து தலைக்கு மேலாகத் தெற்கே போகும் கோடு உச்சிக்கோடு; பூமத்திய ரேகைக்கு நேர் மேலே வானத்தில் ஓடுவது வான நடுக்கோடு. தெற்கே உச்சிக்கோட்டின் அருகில், வான நடுக்கோட்டை ஒட்டிய ஒரு நட்சத்திரத்தைப் பெரிதாக்கிக் கேமராத் திரையில் வைத்துக்கொள்ளுங்கள். அது தெற்கே நழுவினால் அச்சு துருவத்துக்குக் கிழக்கே பார்க்கிறது. வடக்கே நழுவினால் மேற்கே பார்க்கிறது. அதைச் சரிசெய்த பிறகு கிழக்கு வானில் தாழ்வாக இருக்கும் ஒரு நட்சத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது தெற்கே நழுவினால் அச்சு தாழ்ந்திருக்கிறது, வடக்கே நழுவினால் உயர்ந்திருக்கிறது. முதல் முறை எனக்கு இரண்டரை மணி நேரம் பிடித்தது. இப்போது 20 நிமிடம். 5 நிமிடம் பார்த்தும் நட்சத்திரம் அசையவில்லை என்றால் போதும். அதற்கு மேல் துல்லியம் தேடுவது வீண் பிடிவாதம்.

இவ்வளவு பாடுபட்டுப் பொருத்தியது மறுநாள் கலைந்திருக்கும். காரணம் மண். எங்கள் களிமண் மழையில் ஊறி உப்பும், கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். முக்காலியின் கால்கள் ஒரே இரவில் விரல் ஆழம் இறங்கியதைப் பார்த்திருக்கிறேன். செங்கல் வைத்தேன், செங்கல்லும் இறங்கியது. கடைசியில் மூன்று இடத்தில் 2 அடி தோண்டி, சல்லி போட்டு, காங்கிரீட் கட்டை ஊன்றி, ஒவ்வொன்றின் தலையிலும் கால் நுனி உட்காரக் குழி விட்டேன். இப்போது முக்காலியைக் கொண்டுபோய் வைத்தால் முக்கால்வாசி வேலை முடிந்துவிடுகிறது. ஆண்டுக்கு ஒரு முறை மழைக்காலம் முடிந்ததும் சரிபார்க்க வேண்டும், கட்டையும் கொஞ்சம் நகர்ந்துதான் இருக்கும். மாட்டை அந்தப் பக்கம் கட்டாமல் இருப்பதும் முக்கியம். மாடு கால் மாற்றி நிற்பது படத்தில் தெரிகிறது.

நெபுலாவின் சிவப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது ஹைட்ரஜன் உமிழும் 656.3 நானோமீட்டர் ஒளி. சாதாரணக் கேமராவில் சென்சாருக்கு முன்னால் இருக்கும் கண்ணாடி அதில் ஏறக்குறைய கால் பங்கைத்தான் உள்ளே விடும். மனித முகம் இயல்பான நிறத்தில் வர வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். அந்தக் கண்ணாடியைக் கழற்றினால்தான் மங்கலான நெபுலா பிடிபடும். பழுதுபார்க்கும் கடை ஒன்றில் கொடுத்தேன். கண்ணாடி போயிற்று, பதிலுக்குச் சென்சாரில் ஏழெட்டுத் தூசி வந்து சேர்ந்தது. அந்தக் கேமராவில் மறந்துபோய் எடுத்த நிச்சயதார்த்தப் படம் ஒன்றில் மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரும் கோபத்தில் சிவந்தவர்கள்போல நிற்கிறார்கள்.

வெளிச்சத்தைப் பற்றிப் புலம்பினால் முடிவே இல்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். சந்து முனையில் முன்பு மஞ்சள் சோடியம் விளக்கு இருந்தது. அதன் ஒளி பெரும்பாலும் மஞ்சள் பகுதியிலேயே குவிந்திருந்ததால் ஒரு ஃபில்டர் அதைத் தடுத்துவிடும். இப்போது வெள்ளை எல்இடி. அது எல்லா நிறத்திலும் பரவிக் கிடக்கிறது, பழைய ஃபில்டர்கள் அதனிடம் தோற்கின்றன. ஹைட்ரஜனின் சிவப்பையும் ஆக்சிஜனின் நீலப்பச்சையையும், அதாவது 500.7 நானோமீட்டரையும், சில நானோமீட்டர் அகலத்துக்கு மட்டும் உள்ளே விடும் இரட்டைப் பட்டை ஃபில்டர்தான் கைகொடுத்தது. ஆனால் விளக்கு லென்ஸின் மேல் நேராக விழுந்தால் எந்த ஃபில்டரும் உதவாது. துணி காயப்போடும் கொடியில் ஒரு கறுப்புத் தார்ப்பாயைத் தொங்கவிட்டேன், அவ்வளவுதான்.

இனி பனி. இதில்தான் நான் அதிகம் தோற்றேன்.

எங்கள் பக்கம் வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை வானத்தை எடுத்துக்கொள்ளும். மிச்சம் இருப்பது தை, மாசி, பங்குனி. அதிலும் தை மாதத்தில் வயலில் ஈரம், ஆற்றில் ஈரம், காற்றில் ஈரம். 10 மணிக்கு மேல் தார்ப்பாயிலிருந்து சொட்டச் சொட்ட நீர் வடியும். பனி இறங்கினால் நெல் நனைந்து அறுவடை இயந்திரம் நிற்கும், புழுதி அடங்கும், வானம் தெளியும். அப்போது நான் வேலையைத் தொடங்குவேன். அதே பனி ஒரு மணி நேரத்தில் என் லென்ஸையும் நிறுத்திவிடும். முதல் தை மாதத்தில் நான் எடுத்த படங்களில் ஒவ்வொரு நட்சத்திரத்தையும் சுற்றி அழகான ஒளிவட்டம் இருந்தது. நெபுலா என்றே நம்பினேன். லென்ஸைத் தொட்டுப் பார்த்தபோது விரல் நனைந்தது.

துடைத்தால் பயனில்லை, மறுபடியும் படியும். லென்ஸ் சுற்றுப்புறக் காற்றைவிட ஓரிரு டிகிரி சூடாக இருந்தால் படியாது. 470 ஓம் ரெசிஸ்டர் 12 வாங்கி, பக்க இணைப்பில் இணைத்து ஒரு நாடாவில் தைத்து லென்ஸின் கழுத்தில் சுற்றினேன். 12 வோல்ட்டில் ஒவ்வொன்றும் 0.3 வாட் சூடு தரும், மொத்தம் 3.7 வாட். இதில் ஒரு கணக்கு ஆசிரியை செய்யக்கூடாத தவற்றைச் செய்தேன். வாங்கியது கால் வாட் ரெசிஸ்டர். அரை மணியில் கருகல் வாடை. அரை வாட் ரெசிஸ்டர் வாங்குங்கள். லென்ஸுக்கு முன்னால் அதன் விட்டத்தைப்போல ஒன்றரை மடங்கு நீளத்துக்கு ஒரு குழாயும் வேண்டும். கிழிந்த பிளாஸ்டிக் பாயைச் சுருட்டிக் கட்டினேன், கடையில் விற்பதற்கு எந்த விதத்திலும் குறைவில்லை. இத்தனைக்கும் மின்சாரம் ஒரு சிறிய யுபிஎஸ் பேட்டரியிலிருந்து. வீட்டு இணைப்பிலிருந்து ஈர மண்ணில் ஒயர் இழுக்காதீர்கள்.

லென்ஸில் பூஞ்சை பிடிப்பது இன்னொரு பக்கம். அரிசி ஈரத்தை இழுக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு லென்ஸை அரிசித் தவலையில் வைத்தேன். குவிய வளையத்தில் தவிடு ஏறி நறநறவென்றது. காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல் பையும் போதும்.

இப்போது எதைப் படமெடுப்பது என்ற கேள்வி. நூல்கள் சொன்ன வடவானத்து நெபுலாக்கள் எங்கள் வடக்கில் தாழ்வாக, தென்னை மட்டைக்குள் மாட்டிக்கொள்ளும். ஒரு நாள் சலித்துப்போய் நாற்காலியைத் தெற்கே திருப்பிப் போட்டேன். அங்கே வயல், அதற்கப்பால் அலையாத்திக் காடு, அதற்கப்பால் கடல். பெரிய ஊர் எதுவும் இல்லை. தொலைவில் இறால் பண்ணை விளக்கு ஒன்றிரண்டு. தெற்கு வானில் அகத்திய நட்சத்திரம் எரிந்தது. காவிரியைக் கமண்டலத்தில் கொண்டுவந்த முனிவரின் பெயர் தாங்கிய நட்சத்திரத்தைக் காவிரிக் கடைமடையில் உட்கார்ந்துகொண்டு நான் இத்தனை நாளும் முதுகுக்குப் பின்னால் வைத்திருந்திருக்கிறேன்.

அகத்தியத்துக்கு இடப்பக்கம், அதாவது கிழக்கே, வேலா என்ற கூட்டம். சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே ஒரு நட்சத்திரம் வெடித்துச் சிதறியது. சிதறிய வாயு இன்றும் விரிந்துகொண்டிருக்கிறது. வானத்தில் அதன் அகலம் 8 டிகிரி, பக்கத்தில் பக்கத்தில் 16 முழுநிலவு வைத்த அளவு. நடுவில் மிஞ்சிய கரு நொடிக்கு 11 முறை சுழல்கிறது. 1968இல் அதைக் கண்டுபிடித்தார்கள். இவ்வளவு பெரிய பொருள் கண்ணுக்குத் துளியும் தெரியாது. 50 டிகிரி வடக்கில் இருப்பவர்களுக்கு அது அடிவானத்தைத் தாண்டுவதே இல்லை. எங்களுக்கு 34 டிகிரி உயரம் ஏறுகிறது. ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்துக்கு இடம் கிடைத்ததிலும் தென்வானத்தை எட்டிப் பார்க்கும் இந்த வசதிக்குப் பங்கு உண்டு. எங்கள் ஊர் காவலூரைவிடவும் 2 டிகிரி தெற்கே இருக்கிறது!

வேலா நள்ளிரவில் உச்சத்துக்கு வருவது ஜனவரி கடைசியில். அப்போது இரவு 9 மணியிலிருந்து 3 மணிவரை 20 டிகிரிக்கு மேலே நிற்கும். அதற்குக் கீழே எடுக்காதீர்கள், உச்சியில் ஒரு பங்கு காற்றைக் கடந்து வரும் ஒளி அங்கே மூன்று பங்கு காற்றைக் கடக்க வேண்டும். ஜனவரி கடைசியில் நிலவில்லாத இரவு எது என்பதற்குச் செயலி எதுவும் வேண்டாம், தை அமாவாசைதான். அத்தை தர்ப்பணத்துக்கு நாள் குறிக்கும் அதே தினசரிக் காலண்டரில் நானும் குறித்துக்கொள்கிறேன்.

குறித்தால் மட்டும் போதுமா? 2023இல் தை அமாவாசை ஜனவரி 21. மூன்று இரவு மேகம். பிப்ரவரி தொடக்கத்தில் பருவம் தவறிப் பெய்த மழையில் அறுவடைக்கு நின்ற சம்பா படுத்துவிட்டது. வயலில் முளைத்த நெல்லை ஊரே பார்த்துக்கொண்டிருந்தபோது வானம் தெளியவில்லை என்று நான் யாரிடம் சொல்வது? அந்த ஆண்டு கேமராவை டப்பாவிலிருந்து எடுக்கவே இல்லை.

2024இலும் 2025இலும் சேர்த்து 9 இரவுகள் கிடைத்தன. 135 மில்லிமீட்டர் லென்ஸ், ஒவ்வொரு படமும் 3 நிமிடம். மொத்தம் 412 படம், தேறியது 268, அதாவது 13 மணி 24 நிமிடம். மிச்சத்தைக் காற்று, மேகம், பனி, ஒரு பூனை ஆகியவை பங்கிட்டுக்கொண்டன. படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுத்தால் இரைச்சல், அதாவது படத்தில் தெரியும் புள்ளிப்புள்ளியான கலங்கல், படங்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்குக் குறையும். 268 படத்துக்கு 16 மடங்கு. இதன் மறுபக்கம் கசப்பானது: தெளிவு 2 மடங்காக வேண்டுமென்றால் நேரம் 4 மடங்கு வேண்டும். ஒரே இரவில் பத்துப் பொருளைத் துரத்துகிறவர்கள் இதை எண்ணிப் பார்ப்பது நல்லது. நான் இரண்டு ஆண்டு ஒரே பொருளில் உட்கார்ந்தேன். சில படங்களுக்கு ஒருமுறை டிராக்கரைத் துளி நகர்த்திவிடுங்கள். சென்சாரின் நிலையான கறைகள் அப்போதுதான் அடுக்கும்போது கரையும்.

குவியத்தைச் சரிபார்க்கப் பள்ளியின் பழைய பிளாஸ்டிக் ஃபைல் அட்டையில் வரிவரியாக வெட்டிப் பாதினோவ் முகமூடி செய்தேன். லென்ஸின் முன்னால் வைத்தால் நட்சத்திரத்தின் ஒளிக்கீற்றுகளைக் கொண்டு குவியம் சரியா என்று அது காட்டும். இரவில் குளிர ஆரம்பித்ததும் லென்ஸ் சுருங்கிக் குவியம் மாறும், மணிக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். முடிவில் லென்ஸை மூடி, அதே 3 நிமிடத்தில், அதே குளிரில், இருபது இருட்டுப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். சென்சாரின் சூட்டில் பிறக்கும் போலி வெளிச்சத்தைக் கழிக்கத்தான் இது; சூடு 6 டிகிரி கூடினால் அது ஏறக்குறைய இரட்டிப்பாகும். சித்திரையில் எடுத்த இருட்டுப் படம் தைக்கு உதவாது. விடிந்ததும் லென்ஸின்மேல் வெள்ளை வேட்டியை இரண்டாக மடித்து மூடி, வெளிறிய வானத்தை நோக்கி இருபது படம். ஓரத்து இருட்டும் அந்தக் கடைக்காரர் போட்ட தூசியும் அதில்தான் போகும். குவியத்தைத் தொடாமல் செய்ய வேண்டும். சலவை செய்த வேட்டியாக இருக்கட்டும், மஞ்சள் கறை பட்ட வேட்டியில் எடுத்து ஒரு முறை மண்டையை உடைத்துக்கொண்டேன்.

கணினித் திரையின் வெளிச்சத்துக்குப் பச்சைத் தத்துப்பூச்சி கூட்டமாக வந்து விசைப்பலகையில் விழும். சிவப்புக் கண்ணாடித்தாளை ஒட்டியபின் குறைந்தது. கையில் வைத்திருந்த டார்ச்சுக்கும் சிவப்புத் தாள்தான். அதனால் வேறொரு தொல்லை. நள்ளிரவில் கொல்லையில் சிவப்பு வெளிச்சம் அலைவதைப் பார்த்த பக்கத்து வீட்டு மாமா, மோட்டார் ஒயர் திருட வந்தவன் என்று நினைத்துக் கம்போடு வந்துவிட்டார்.

“யாரது? அசையாமல் நில்!”

“நான்தான் மாமா.”

“டீச்சரா? இந்த நேரத்தில் என்னம்மா தேடுகிறாய்?”

வெடித்த நட்சத்திரத்தைத் தேடுகிறேன் என்று சொன்னேன். அவர் வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பாம்பு இருக்கும், செருப்பு போட்டுக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனார். அது சரியான அறிவுரை. கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு. மூடிய காலணியும், சிவப்புத் தாள் இல்லாத இன்னொரு டார்ச்சும் இல்லாமல் கொல்லையில் இறங்காதீர்கள்.

அடுக்குவதற்கு சிரில் என்ற இலவச மென்பொருள் போதுமானது. அடுக்கி முடித்ததும் திரையில் ஒன்றுமில்லாத கறுப்புதான் தெரியும், பயப்பட வேண்டாம். ஒளியை மெல்ல நீட்ட நீட்ட, அதாவது மங்கலான பகுதிகளைப் பிரகாசமாக்க ஆக்க, உள்ளே இருப்பது வெளியே வரும். முதலில் வானத்தின் சாய்வான வெளிச்சத்தை நீக்கிவிட்டுத்தான் நீட்ட வேண்டும். நட்சத்திரங்களைத் தனியே பிரித்து வைத்துவிட்டு நெபுலாவை மட்டும் வளர்த்தெடுத்து, பிறகு சேர்த்தேன். சிவப்பும் நீலப்பச்சையுமாக, ஒன்றோடொன்று பின்னிய இழைகள். அத்தை கண்ணாடி போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். “வாழைநாரைக் கிழித்துப் போட்டதுபோல இருக்கிறது” என்றார். நான் படித்த எந்த வர்ணனையும் இவ்வளவு பொருந்தவில்லை.

அடுத்தது கரீனா நெபுலா. மாசி, பங்குனியில் தெற்கே 20 டிகிரிதான் ஏறும். வயலோரத்தில் ஒரு மரம் நின்றாலும் மறைந்துவிடும். புயலுக்குப் பிறகு மாமா வைத்த தென்னங்கன்றுகள் இப்போது வளர்ந்து துருவ நட்சத்திரத்தைத் தொட ஆரம்பித்திருக்கின்றன. அதனால் எனக்குப் பாதகமில்லை. அத்தையோ தெற்கு வேலியில் முருங்கை வைக்க வேண்டும் என்று ஆடி மாதத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். பேசிப் பேசி எலுமிச்சையில் வந்து நிற்கிறோம். அதையும் தென்மேற்கு மூலையில்தான் வைப்பது என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்.